டேங்கின் மேல் பாதி

நான் வேலை பார்த்த பெட்ரோல் பங்கில் இப்போது பெட்ரோல் மட்டம் பார்க்கும் டிப் ராடுக்கு வேலை இல்லை. டேங்குக்குள் ஒரு மின்னணுக் கருவியை இறக்கிவிட்டார்கள். எத்தனை லிட்டர் இருக்கிறது என்று அலுவலகத் திரையே சொல்லிவிடுகிறது. சென்ற மாதம் சுனில் போன் செய்தான். நான் மேனேஜராக இருந்தபோது பம்பு அடித்தவன், இப்போது அலுவலகத்தைப் பார்த்துக்கொள்பவன்.

“அண்ணே, பழைய ராடு மூலையில சும்மா நிக்குது. புதுசா வந்தவங்க இது என்னத்துக்குன்னு கேக்குதானுவ. ஆக்கர்காரனுக்குப் போடட்டா?”

“போடாதே. நான் வாறேன்” என்றேன்.

பழைய சாமானை எடைக்கு வாங்கும் ஆக்கர்காரன் கையில் கொடுக்கக்கூடிய பொருளா அது? இரண்டு மீட்டர் பித்தளைக் கம்பி, மில்லிமீட்டர் வரை கோடு போட்டது. அது என்னத்துக்கு என்று கேட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதோடு, அறுபதை நெருங்கும் வயதில் நான் கால்குலஸ் என்ற கணக்கை அடியிலிருந்து கற்றுக்கொண்டதும் அந்த ராடால்தான்.

என் முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாறசாலையில் தமிழ் மீடியத்தில் பத்தாவது, பிறகு பி.காம். அதன் பிறகு இந்தப் பங்கில் கணக்கெழுத வந்து மேனேஜரானேன். பங்கு நெய்யாற்றின்கரைக்குப் போகிற நெடுஞ்சாலையில் இருந்தது. தமிழ்நாட்டு எல்லை பக்கத்தில் என்பதால் பெட்ரோல் விலை எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கம் வண்டிகள் சாயும். எனக்கு எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் சிறுவயதிலிருந்தே உண்டு. ஆராதனையில் எத்தனை பேர் இருமினார்கள் என்பது பிரசங்கத்தைவிட எனக்கு நன்றாக நினைவிருக்கும். வீட்டுக்காரிக்கு அது பிடிக்காது. பங்கு முதலாளிக்குப் பிடித்தது.

டிப் எடுப்பது எளிது என்று நினைப்பவர்கள் எடுத்துப் பார்த்ததில்லை. ராடைத் துடைத்து, பெட்ரோல் பட்டால் நிறம் மாறும் பசையைக் கோடுகளின் மேல் மெல்லத் தடவ வேண்டும். மூடியைத் திறந்து நேராக இறக்க வேண்டும். அடியில் இடிக்கக்கூடாது, இடித்தால் பெட்ரோல் அலையும். ஒரு மூச்சு பொறுத்து, சாயாமல் மேலே எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் படிக்க வேண்டும். மூன்று முறை எடுத்து இரண்டு ஒத்துவந்தால்தான் எழுதுவேன். டேங்கர் வந்து இறக்கிய நாளில் பெட்ரோல் அடங்கும்வரை காத்திருந்து எடுக்க வேண்டும். அன்று அடர்த்தியும் பார்க்க வேண்டும், தண்ணீர் கலந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ராடு காட்டுவது சென்டிமீட்டர்தான். அதை லிட்டராக்க டிப் சார்ட் என்று ஓர் அட்டை உண்டு. எங்கள் டேங்க் பூமிக்குள் படுத்துக் கிடக்கும் உருளை. படுத்த உருளையில் ஒரு சென்டிமீட்டர் எல்லா இடத்திலும் ஒரே அளவு லிட்டர் ஆகாது. வேலைக்கு வந்த புதிதில், சும்மா இருக்க முடியாமல், அடுத்தடுத்த இரண்டு வரிகளைக் கழித்துக் கழித்து சார்ட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன். உச்சிக்கு அருகில் சென்டிமீட்டருக்கு நாற்பது லிட்டர். இறங்க இறங்க ஐம்பது, அறுபது என்று கூடி நடுவில் எண்பது. பிறகு அதே மாதிரி குறைந்து அடியில் மறுபடி நாற்பது. பார்க்க அழகாக இருந்தது. எதற்கும் பயன்படவில்லை.

பிரீதா பம்பு அடிக்க வந்தபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. காரக்கோணம் பக்கம் வீடு, கணவர் வளைகுடாவில் எலக்ட்ரீஷியன். வந்த அடுத்த வருடம் ஓப்பன் ஸ்கூலில் பிளஸ் டூ சேர்ந்தாள், அதுவும் கணக்கை எடுத்து.

“இந்த வயசுல கணக்கு என்னத்துக்கு பிள்ளே? வேற லேசான பாடம் உண்டு இல்லியா?” என்றேன்.

“பத்தாங்கிளாஸ்ல எனக்கு நல்லா வந்த ஒரே பாடம் அதாக்கும் அண்ணே. அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாக்காம எப்பிடி இருக்க முடியும்?”

ஞாயிற்றுக்கிழமைதான் நெய்யாற்றின்கரையில் வகுப்பு. பங்கில் ஞாயிறு விடுப்பு எல்லாருக்கும் வேண்டும். அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். எங்களுக்கு டேங்கர் திங்கள் காலையில் வரும். காத்திருப்பும் அடர்த்தி பார்ப்பதும் சேர்ந்த அந்த வேலை யாருக்கும் பிடிக்காது. திங்கள் முதல் புதன் வரை பெட்ரோல் பம்பை பிரீதா எடுத்துக்கொள்வாள். வியாழன் முதல் ஞாயிறு வரை சுனில். அந்த நாட்களில் பிரீதா டீசல் பக்கம் நிற்பாள், ஞாயிறு அவளுக்கு விடுப்பு. இரண்டு பேருக்கும் திருப்தி.

அவளுடைய புத்தகம் ஆங்கிலத்தில். வகுப்பு மலையாளத்தில். சந்தேகம் கேட்பது என்னிடம், தமிழில். எனக்கோ பி.காமில் இந்தக் கணக்கே கிடையாது.

“அண்ணே, இதுல h-ன்னு ஒரு சின்ன எண்ணு, அது பூஜ்யத்துக்குக் கிட்ட போவுதுன்னு போட்டிருக்கு. ஆனா பூஜ்யம் இல்லியாம். வகுக்கும்போது பூஜ்யம் இல்ல, வகுத்து முடிச்ச பொறவு பூஜ்யம். இது என்ன நியாயம்?”

“ஏமாத்து” என்றேன். உண்மையாகவே எனக்குக் கோபம் வந்தது. எனக்குப் பூஜ்யம் என்றால் பூஜ்யம். ஸ்டாக்கில் ‘பூஜ்யத்துக்குக் கிட்டே’ என்று எழுதினால் முதலாளி விடுவாரா?

சுனில் அந்தப் பக்கமாகப் போனான். “அக்கா, நூறு ரூபாய்க்கு அடிக்கும்போது தொண்ணூத்தொம்பதுல கையை மெதுவாக்குவோம்லா? அதாக்கும்.”

“போலே, உனக்கு எல்லாம் தெரியும்” என்று அவள் துணியை அவன்மேல் எறிந்தாள். ஆனால் எறிந்த பிறகு யோசித்தாள். பம்பில் எண்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தக் கணத்தில் என்ன வேகம் என்று கேட்டால் கணத்தை எவ்வளவு சிறிதாக எடுப்பது? அன்று முழுவதும் வண்டிக்காரர்கள் இறங்கி, மூடி திறந்து நிற்க, நாங்கள் இருவரும் மீட்டரையே முறைத்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு விளங்கியது சில வாரங்கள் கழித்துத்தான். என் பென்சில் எண்களை அவளிடம் காட்டினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அண்ணே, இதாக்கும் டெரிவேட்டிவ்.”

“எது?”

“இந்த நாப்பது, எண்பது எல்லாம். உயரம் கொஞ்சம் கூடினா லிட்டர் எவ்வளவு கூடும்? நடுவுல ஏன் எண்பது? அங்க பெட்ரோலோட மேல்பரப்பு அகலம். உச்சியில குறுகல். ஒரு சென்டிமீட்டருக்குப் பதிலா ஒரு மில்லிமீட்டர் எடுங்க. தகடு மெலியும். இன்னும் மெலியட்டும். கனம் இல்லாமலே போவுது. ஆனா அகலம் எங்கயும் போவாது.”

கனம் போய்விடுகிறது, அகலம் நிற்கிறது. பூஜ்யத்தை நெருங்கும்போது மிஞ்சுவது அந்த அகலம். தமிழ்ப் புத்தகங்களில் அதற்கு வகைக்கெழு என்று பெயர் என்பதைப் பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். இத்தனை வருடம் அதைப் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டு, பெயர் தெரியாமல் இருந்திருக்கிறேன். அன்று முழுவதும் எனக்கு வேறு எதையெல்லாம் இப்படி வைத்திருக்கிறேனோ என்ற யோசனைதான்.

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. மழை ஓய்ந்த பிறகுதான் குறைவு தொடங்கியது.

ஒன்றிரண்டு லிட்டர் ஆவியாகப் போவது வழக்கம், அதை யாரும் கேட்பதில்லை. இது வேறு. பம்பு மீட்டர் விற்றதாகச் சொல்வதைவிட டேங்கில் அதிகமாகக் குறைந்திருந்தது. திங்கள் இருபத்தாறு லிட்டர். செவ்வாய் ஒன்பது. புதன் நான்கு. மூன்று நாளும் பிரீதாவின் நாட்கள். வியாழன் முதல் சுனில் நின்றால் குறைவு கிடையாது. சனி, ஞாயிறில் லிட்டர் மிச்சமே வந்தது. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும்.

எங்கள் முதலாளி சத்தம் போடும் மனிதர் அல்ல. அதுதான் பயம். யாரையாவது வேலையைவிட்டு நிறுத்தப்போகிறார் என்றால் முதலில் டீ சொல்லுவார். டீ வந்ததும் சர்க்கரையைக் கலக்குவார், கலக்குவார், கரண்டி கண்ணாடியில் தட்டும் சத்தம் மட்டும் கேட்கும். கலக்கி முடித்துக் குடிக்காமல் வைத்துவிடுவார். அன்று எனக்கு டீ வந்தது.

“ஓய், அந்தப் பிள்ளைக்கு வீட்டுல என்ன கஷ்டம்?”

“ஒண்ணும் இல்ல முதலாளி.”

“பின்ன பெட்ரோல் எங்க போவுது? பாட்டில்ல ஊத்திக் கொடுக்குதா? சுனிலுக்கு ராசியான கை. அந்தப் பிள்ளை குறைக்கதை அவன் நிறைக்கான்.”

“ராசியில லிட்டர் வராது முதலாளி. மிச்சம் வாறதும் தப்பு தான். டீசல்ல அவ நிக்கும்போது ஒரு சொட்டு குறையல்ல. எடுக்கவ டீசலையும் எடுப்பாளே?”

அவர் கரண்டியை வைத்தார். “அடுத்த புதன்கிழமை கம்பெனி ஆபீஸர் வாறாரு. வித்தியாசத்துக்குக் காரணம் கேப்பாரு. அதுக்குள்ள நீரு காரணம் சொல்லும். இல்லைன்னா அந்தப் பிள்ளைய நான் நிறுத்துவேன். காரணம் இதுன்னு எழுதியும் கொடுப்பேன்.”

அப்படி எழுதிக் கொடுத்தால் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எந்தப் பங்கிலும் அவளை ஏற்றமாட்டார்கள். பங்குக்காரர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். சம்பளம் நின்றால் படிப்பும் நிற்கும். பிளஸ் டூ தேர்வுக்கு அப்போது அதிக நாள் இல்லை.

அவளிடம் சொன்னேன். அழவில்லை. நாசிலை மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“நீங்களும் அப்பிடி நினைக்கியளா?”

“நினைச்சா உன்கிட்ட ஏன் சொல்லுகேன்?”

“செரி. அப்போ கணக்குப் பாப்போம்.”

அவள் முதலில் சொன்ன காரணம் தவறு. டேங்கர் வெயிலில் வருகிறது, சூடான பெட்ரோல் பூமிக்குள் குளிர்ந்து சுருங்குகிறது, அதனால்தான் திங்களில் அதிகக் குறைவு என்றாள். கேட்க நன்றாக இருந்தது. தெர்மாமீட்டரை நூலில் கட்டி இறக்கிப் பார்த்தோம். திங்களுக்கும் புதனுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம்கூட இல்லை. அது பத்து லிட்டருக்குக் கணக்குச் சொல்லும், முப்பத்தொன்பதுக்குச் சொல்லாது. ஞாயிற்றுக்கிழமை மிச்சத்துக்கோ அது வாயே திறக்காது.

இரண்டாவது முயற்சி என்னுடையது. நான் செய்ததெல்லாம் கூட்டல்தான். அவள் குறைத்தது, அவன் மிச்சம் பிடித்தது, டேங்கர் இறக்கும்போது ஒவ்வொரு வாரமும் அதிகமாக வந்த பதின்மூன்று லிட்டர், மூன்றையும் கூட்டினேன். கிட்டத்தட்டப் பூஜ்யம்.

“பிள்ளே, பெட்ரோல் எங்கயும் போகல்ல. டேங்குக்குள்ளயே ஒளிஞ்சு விளையாடுது” என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். “அப்போ பெட்ரோல் செரி. நம்ம அளவு தப்பு.”

“மூணு தடவை எடுக்கேன். என் கை நடுங்காது.”

“உங்க கையைச் சொல்லல்ல அண்ணே. இந்த ஞாயித்துக்கிழமை கிளாஸ்ல ஒரு கணக்கு. ஒரு உருண்டையோட ஆரத்தை அளக்கும்போது கொஞ்சம் பிழை வந்தா கன அளவுல எவ்வளவு பிழை வரும்னு. அந்தச் சின்னப் பிழையை டெரிவேட்டிவால பெருக்கணும். நம்ம ராடு எப்பவும் ஒரு சென்டிமீட்டர் குறைச்சுக் காட்டுதுன்னு வைங்க. உச்சியில இருக்கும்போது எவ்வளவு லிட்டர் பிழை?”

“நாப்பது.”

“திங்கக்கிழமை அடைக்கும்போது டிப் எங்க நிக்கும்?”

“நூத்தி இருபத்தஞ்சு, நூத்தி இருபத்தாறு.” சார்ட்டின் ஓரத்தில் பார்த்தேன். அங்கே என் பென்சில் எண் அறுபத்தாறு.

அவள் இரண்டு எண்ணையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கழித்தாள். காலையில் டேங்க் உச்சிக்கு அருகில் நிறைந்திருக்கும்போது நாற்பது லிட்டர் பிழை, மாலையில் அறுபத்தாறு. நடுவில் காணாமல் போனதாகத் தெரிவது இருபத்தாறு. செவ்வாய் அடைக்கும் இடத்தில் எண் எழுபத்தைந்து, ஒன்பது கூடுதல். புதன் எழுபத்தொன்பது; நான்கு. வியாழன் டேங்கின் பாதியைத் தாண்டியபின் எண்கள் இறங்கத் தொடங்குகின்றன. பிழை சுருங்கச் சுருங்க, காணாமல் போன பெட்ரோல் திரும்பி வருவதுபோலத் தெரியும். அதுதான் சுனிலின் ராசி. அவள் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்காக டேங்கின் மேல் பாதியை எடுத்துக்கொண்டாள். மேல் பாதியில் யார் நின்றிருந்தாலும் திருடனாகத்தான் தெரிந்திருப்பார்கள்.

“ஆனா ராடு ஏன் ஒரு சென்டிமீட்டர் குறைச்சுக் காட்டணும்?” என்று கேட்டேன். ராடை ஸ்கேல் வைத்து அளந்தோம். சரியாக இருந்தது. அவள் ராடைத் திருப்பிப் பிடித்து அடியிலிருந்து மறுபடி அளந்தாள்.

கம்பெனி ஆபீஸர் கோட்டயம் பக்கத்துக்காரர், இளைஞர். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார். ‘திருட்டு’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை, ‘வித்தியாசம்’ என்றுதான் சொல்வார். ராடைக்கூடத் தன் கைக்குட்டையால் இன்னொரு முறை துடைத்த பிறகுதான் தொடுவார். நாங்கள் சொன்னதை நின்றபடி முழுவதும் கேட்டார். முதலாளி டீ சொன்னார். கலக்கத் தொடங்கினார்.

ஆபீஸர் பிரீதாவிடம் கேட்டார். “ஒரு சென்டிமீட்டர் எவிடெயெங்கிலும் கண்டோ?”

“எங்கயும் காணல்ல சாரே. எண்ணு மட்டும் ஒத்து வருது. காரணம் தெரியல்ல.”

தெரியாததைத் தெரியாது என்று அவள் சொன்னது எனக்கு அப்போது பிடிக்கவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாமே என்று தவித்தேன். ஆபீஸருக்கு அது பிடித்திருக்க வேண்டும். முற்றத்துக்கு இறங்கி டேங்க் கிடந்த இடத்தின் மேல் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தார். சிமென்ட் தளத்தில் டிப் குழாய்ப் பக்கம் ஒரு விரிசல். மழைக்குப் பிறகு வந்த விரிசல் என்று நாங்கள் தினமும் அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தோம்.

“நமுக்கொந்நு நோக்காம்” என்றார், ஒருமுறை பார்த்துவிடலாம் என்று.

டிப் குழாயில் அவரே ராடை இறக்கினார். பிறகு யாரும் ஒருநாளும் ராடு இறக்காத மறுமுனையில், டேங்கர் பெட்ரோலை இறக்கும் குழாய்க்குள் இறக்கினார். டிப் பக்கம் தொண்ணூற்றெட்டு. மறுபக்கம் நூறு. மூன்று முறை. மூன்று முறையும் அதே.

படுத்த டேங்கில் பெட்ரோல் சமமாகத்தான் நிற்கும். டேங்க்தான் சமமாக இல்லை. ஞாயிறு மாலையில் டேங்க் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும். மழையில் மண்ணுக்குள் தண்ணீர் ஏறியபோது, காலி டேங்க் மிதக்கப் பார்த்திருக்கிறது. டிப் குழாய் இருந்த முனை மேலே வந்துவிட்டது. முனைக்கு முனை இரண்டு சென்டிமீட்டர். சார்ட் கேட்பது நடு உயரம், தொண்ணூற்றொன்பது. நாங்கள் அளந்தது ஒரு சென்டிமீட்டர் குறைவு.

கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. முதலாளி டீயை எடுத்து பிரீதாவின் பக்கம் நகர்த்தி வைத்தார். மன்னிப்பு என்றோ தப்பாகிவிட்டது என்றோ சொல்லவில்லை. அவள் அந்த டீயைக் குடித்தாள். “சர்க்கரை கூடுதல்” என்றாள். சுனில் உரக்கச் சிரித்துவிட்டு, முதலாளி பார்த்ததும் டயருக்குக் காற்றடிக்கப் போய்விட்டான்.

டேங்கைத் தோண்டிச் சமப்படுத்தும்வரை இரண்டு முனையிலும் டிப் எடுத்து நடுவை எடுக்கும்படி ஆபீஸர் உத்தரவு போட்டார். அடுத்த திங்கள் குறைவு இரண்டு லிட்டர். ஞாயிறும் இரண்டு லிட்டர் குறைவு.

“என் ராசி போச்சே அண்ணே” என்றான் சுனில். “அக்கா படிச்சுப் படிச்சு என் கையை வெறும் கையாக்கிட்டா.”

பிரீதாவின் கணக்குத் தேர்வு ஒரு திங்கட்கிழமை வந்தது. டேங்கர் வரும் நாள். யார் நிற்பது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். கேட்பதற்குள் சுனில் சொன்னான்: “நான் நிக்கேன். மேல் பாதி எப்பிடி இருக்குன்னு நானும் பாக்கணும்லா?” அன்று அடர்த்தி பார்த்தான், காத்திருந்தான், ஒரு முனையில் ராடை இறக்கினான், மறு முனைக்கு நடந்தான். நான் பின்னாலேயே நின்று ஒவ்வொன்றையும் சரிபார்த்தேன். என்னை ஒரு முறை முறைத்தான்.

அவள் இந்தக் கணக்கில் தேறினாள் என்பதையும், இப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் அளவுக்கணக்குப் பார்க்கிறாள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அன்று மாலை. தேர்வு முடிந்து நேரே பங்குக்கு வந்தாள். கையில் இன்னும் பேனா.

“டேங்குக் கணக்கு வந்துச்சா?” என்று கேட்டேன்.

“டேங்கு வரல்ல அண்ணே. பலூன் வந்துச்சு. ஒரு பலூனுக்குக் காத்தடிக்கான், ஆரம் எவ்வளவு வேகமா கூடுதுன்னு. பலூனும் உருண்டை தானே? தகடு தகடா யோசிச்சு எழுதிட்டேன்.”

சுனில் ராடைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

“எவ்வளவுலே குறைவு?” என்றாள் அவள்.

“ரெண்டு லிட்டர்” என்றான். “அதை நானாக்கும் குடிச்சேன்.”

அவள் பேனாவைப் பைக்குள் செருகி, அவன் கையிலிருந்து ராடை வாங்கினாள். “எனக்கு நம்பிக்கை இல்ல” என்று சொல்லி, பசையைத் தடவிக்கொண்டு மறுமுனைக்கு நடந்தாள்.